நான்காவது டிஸ்க்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி இரண்டு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இவள் ஏன் போன் பண்ணாமல் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதோடு உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. செவ்வாய்க்கிழமை நீ கேட்டாயே, "புது டிஸ்க் போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வேற ஒண்ணுல காப்பி எடுத்துட்டியாம்மா?" என்று. நான் "எடுத்துட்டேன், எடுத்துட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவைகூட எடுக்கவில்லை. அவ்வளவையும் கொள்ளும் இன்னொரு டிஸ்க் வீட்டில் இல்லை, கடைக்காரர் வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார், எனக்கோ பொறுமை இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இந்தப் பதினான்கு மாதமும் தினம் அவர் பேச்சுப் பயிற்சி செய்வதை வீடியோ எடுத்து எடுத்துப் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அந்த டிஸ்க் பெட்டி நிரம்பிவிட்டது, மறுநாள் பயிற்சியை வைக்க இடமில்லை. ஒரு நாள் விட்டுப்போனாலும் பேச்சுப் பயிற்சி டீச்சர் முகம் சுண்டிவிடும், உனக்குத் தெரியுமே.

புதன்கிழமை காலை அப்பாவை உடற்பயிற்சி மையத்தில் விட்டுவிட்டு வந்து வேலையில் இறங்கினேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்துக் காலியாக இருந்த நான்காவது தட்டை இழுத்து, புது டிஸ்க்கை வைத்து, நாலு திருகாணியையும் முடுக்கி, 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ளினேன். லேப்டாப்பில் நீ சொன்ன பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே இருக்கும் மூன்றோடு இதையும் சேர் என்று கொடுத்தேன். மேல்வீட்டு டைலரம்மா போனில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, வீட்டில் ரெய்டு நடக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். நாலைந்து டிஸ்க்கை ஒன்றாகக் கோக்கும் ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர் பாஷையில் பேரே ரெய்டுதான் என்று நீ சொன்னாயே, அதைத்தான் சொன்னேன். அந்த அம்மாள் பதறியடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, "நகையை எல்லாம் எங்க வீட்ல வெச்சுடுங்க" என்று காதில் சொன்னாள். அன்றைக்கு நான் சிரித்தது அத்தோடு சரி.

மதியம், சேர்க்கும் வேலை பன்னிரண்டு சதவீதத்தில் இருக்கும்போது மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சாக மாறிவிட்டது. புதியது இல்லை, பழசு. படிக்கும்போது தவறு வருகிறது என்று திரையில் எழுதியிருந்தது. உடனே கடைக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தப்பித்தவறிக்கூட நிறுத்திடாதீங்கம்மா. ஒண்ணு செத்தாலும் மத்ததை வெச்சுச் சமாளிச்சுடும், இன்னொண்ணும் செத்தா எல்லாமே போச்சு" என்றார். காப்பி இருக்கிறதா என்று அவரும் கேட்டார். அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் தன் பையிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து வைத்தார். "இதுல பாதிதான் கொள்ளும். இப்ப நிறைய படிக்க வெச்சா அந்த நோயாளி டிஸ்க் படுத்துடும். எது இல்லாட்டா முடியாதோ, அதை மட்டும் எடுங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. அப்பா ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் அறிவிப்புச் சொன்ன குரல், உனக்குப் பள்ளிப் பாடம் வாசித்துக் காட்டியது, நீ பழைய டேப்பிலிருந்தெல்லாம் ஏற்றி வைத்தாயே, அந்தப் 'பழைய குரல்' ஃபோல்டரைத் தொட்டேன். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தானே தினமும் திருப்பிச் சொல்லப் பழகுகிறார். அப்பா மையத்திலிருந்து வந்து, கைத்தடியை ஊன்றி என் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, என் கையை நகர்த்தினார். பயிற்சி வீடியோ இருக்கும் ஃபோல்டரின் மேல் விரலை வைத்தார். இல்லைங்க, அது திணறித் திணறிப் பேசுவது, இதுதான் உங்க நிஜக் குரல் என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அது... பழசு" என்றார். பிறகு நெஞ்சைத் தட்டி, "இது... நான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது கண்ணு. அந்தப் பழைய குரல் போனால் எனக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து, "அவன்... நல்லா... பேசறான். தினம்... தோக்கறேன்" என்றார்.

பதினான்கு மாதமாகக் காலையும் மாலையும் அந்தக் குரலைப் போட்டு, இப்படிச் சொல்லுங்க, இப்படிச் சொல்லுங்க என்று பிடுங்கியெடுத்தது நான்தானே. அவர் காட்டியதையே காப்பி எடுத்தேன். அந்தக் காப்பி மட்டுமே மறுநாள் மதியம் வரை ஓடியது.

அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மின்சாரம் போய்விடுமோ என்று மிக்சிகூடப் போடவில்லை. முப்பத்தொன்று, நாற்பத்தாறு, அறுபது என்று ஆமையாய் நகர்கிறது. துணியை மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். அப்பாதான் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். இந்தக் கடிதத்தை இன்று காலை எண்பத்தெட்டில் ஆரம்பித்தேன், இதற்குள் ஐந்து தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

இப்போது மணி பன்னிரண்டரை. முடிந்துவிட்டது. நாலு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்து இடம் கூடியிருக்கிறது. அப்பாவின் பழைய குரலும் பத்திரம், ஒரு அறிவிப்பைப் போட்டுப் பார்த்தேன், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நான் மட்டும். அந்த ஆரஞ்சு விளக்கு டிஸ்க்கை மாற்றக் கடைக்காரர் சாயங்காலம் வேறொன்று கொண்டு வருகிறார். முழுக் காப்பிக்குப் பெரிய டிஸ்க்கும் சொல்லியாகிவிட்டது, வந்ததும் எடுத்துப் படம் அனுப்புகிறேன், நீ என் வார்த்தையை நம்ப வேண்டாம். டீச்சரிடமும் பேசினேன், திங்கட்கிழமை முதல் பழைய குரல் இல்லாமல் பயிற்சி.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கழுத்து வலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அப்பா கையில்தான் கொடுப்பேன். நல்லா இருக்கியா என்று கேட்க அவருக்கு நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்தாலும் நீ முந்திக்கொண்டு சொல்லாதே. அவர் சொல்லட்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா