கண்ணாடிக் கடையும் என் இடது காதும்

மார்ச் 4
மகன் இன்றும் ஆரம்பித்தான். "அம்மா, இனிமே கடைக்கு வராத. வீட்ல இரு, டிவி பாரு." கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே என்னுடையது. அவன் அப்பா போன பிறகும் கடையைச் சாத்தாமல் அதில் உட்கார்ந்து கண்ணாடி விற்றவள் நான். வீட்டில் உட்கார்ந்து யாருக்கு விற்பது? பேத்தி சொன்னாள், "பாட்டி டிவி பாத்தா டிவிதான் பயப்படும்." என் ரத்தம், வேறெப்படிப் பேசும்.

மார்ச் 9
ஆஸ்பத்திரி. இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

முந்தாநாள் கடையில் மகன் ஒரு பெரிய கண்ணாடியை உருவினான். மறுமுனையை நான் பிடித்தேன். "விடும்மா, நான் பாத்துக்கறேன்." "உனக்கு முன்னாடியே தூக்கினவ நான்" என்றேன். மேலே சாய்த்திருந்த இன்னொன்று சரிந்தது. வலிக்கவே இல்லை. தோள் சூடானது. கீழே பார்த்தால் — வேண்டாம்.

இடது காது. முழுசாக.

மருமகள்தான் கண்ணாடித் தூளுக்குள் கையை விட்டு எடுத்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டு, ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவந்தாள். பல்லியைப் பார்த்தால் தெருவையே கூட்டுகிறவள்.

டாக்டரம்மா ராத்திரி முழுக்க நின்று தைத்தார்களாம். "வெட்டு சுத்தமா இருந்துச்சு, ஒட்ட வெச்சுட்டோம். பிழைக்குமான்னு நாலஞ்சு நாள் போனாதான் தெரியும். கேக்கறது எல்லாம் உள்ள இருக்கு பாட்டி, அதுக்கு ஒண்ணும் ஆகல." அப்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 10
கறுக்கிறது. ரத்தம் உள்ளே போகிறது, திரும்பி வர வழியில்லையாம். தேங்கின ரத்தத்தை உறிஞ்ச அட்டைப்பூச்சி விடப் போகிறார்கள். மருந்துக்கென்றே வளர்க்கிற அட்டை. சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 11
அட்டை குடிக்கும்போது காது சிவக்கிறதாம். விழுந்த பிறகு மறுபடி நீலம். அது காதுத் துவாரத்துக்குள் நுழையாமல் பஞ்சு அடைத்து, பக்கத்திலேயே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருமகள் உட்கார்ந்தாள். முகத்தைச் சுளித்தாள், எழுந்து போகவில்லை. "அத்தை, இது உங்கள மாதிரியே. புடிச்சா விடமாட்டேங்குது." சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

மார்ச் 12
பஞ்சு எடுத்திருந்த நேரம். வலது பக்கமாக ஒருக்களித்துக் கண்ணை மூடியிருந்தேன். நல்ல காது தலையணையில் அமுங்கிக் கிடந்தது. வெட்டுப்பட்ட காது எங்கே கேட்கப்போகிறது என்று மகன் நினைத்துவிட்டான். என் தலைமாட்டிலேயே நின்று பெண்டாட்டியிடம் சொன்னான்:

"இது ஒட்டாமப் போனாலும் நல்லதுதான். அப்பவாவது கடைய விட்டுட்டு வீட்ல உக்காருவாங்க."

அவள் என் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அத நான் கையில எடுத்தேங்க. சூடா இருந்துச்சு" என்றாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

சின்னப் புள்ளையில இந்தக் காதப் புடிச்சுக்கிட்டுத்தானடா தூங்குவ. கைய எடுத்துவிட்டா முழிச்சுக்கிட்டு அழுவியே. அதுவாடா நல்லது?

மார்ச் 15
மேல்பாதி செத்துவிட்டது. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 16
எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2
வீடு. கீழ்ப்பாதி பிழைத்துக்கொண்டது. மூக்குக்கண்ணாடி நிற்க இடமில்லாமல் ஒரு பக்கம் சரிகிறது. மருமகள் பின்னால் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்துச் செதுக்கி மேல்பாதியைச் செய்து வைக்கலாமாம். வயசானவர்களுக்கு அது இறுகிப்போயிருக்கும், செதுக்குவது சிரமம், ஒரே ஆபரேஷனில் முடியாது என்றும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்கள். என்னைக் கேட்காமலே மகன், "இந்த வயசுல எதுக்கு டாக்டர்?" என்றான். நானும் வேண்டாம் என்றேன். அவன் சொன்னதற்காக இல்லை. பாதிக் காதோடு போகிறேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 9
கடைக்குப் போனேன். மகன் வேண்டாம் என்றான், மருமகள் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

கடை முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானும் அந்தப் பாதிக் காதும். நாற்காலியில் உட்காரும் முன் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு பார்க்கவில்லை.

அலமாரிக்குக் கண்ணாடி கேட்டு ஒருவர் வந்தார். மகன் என் இடப்பக்கம் நின்று அவரிடம் மெல்ல, "அவங்களுக்கு இந்தப் பக்கம் கேக்காது சார், அளவ என்கிட்ட சொல்லுங்க" என்றான்.

"என்கிட்டயே சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் அளவு கொடுத்துவிட்டுப் போனார். மகன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இந்தப் பக்கம் கேக்குதாம்மா?"

"கேக்குது."

"எப்பலேருந்து?"

"அது நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரியிலயும் கேட்டுச்சு."

பின்பக்கம் போய்விட்டான். வெகுநேரம் கண்ணாடி அறுக்கும் சத்தமே வரவில்லை. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ரசீது எழுத உட்கார்ந்தாள்.

கடை சாத்தும்போது, நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும் என்று அவனைக் கேட்டேன்.

"ஒம்பது" என்றான், ஷட்டரைப் பார்த்துக்கொண்டே.