சட்டிக்குப் போகாத முயல்

லெலி,

நீ நன்றாகத் தூங்குகிறாய். நேற்று நான் போட்ட சண்டையை நினைத்தால் உன்னை எழுப்பவே வெட்கமாக இருக்கிறது.

துணி காயப்போட மாடிக்குப் போனேன். சட்டம் அனுமதித்த நம் நான்கு கஞ்சாச் செடிகளில், நான் கடை உரம் ஊற்றிய இரண்டும் நுனி கருகி நிற்கின்றன. உன்னுடைய இரண்டும் என் தோளைத் தொடுகின்றன! முயல் புழுக்கை, கரோப் மரத்தின் மக்கிய இலை, மழைத்தண்ணீரில் உப்புப் போக அலசிய கடற்பாசி, இவைதானே நீ மக்கவைத்துப் போட்ட உரம். "காரை மீன் சந்தையாக்கிட்டியே!" என்று நீ பாசியை ஏற்றி வந்த அன்றைக்குக் கத்தினேன். அந்த நாற்றமா இப்படிப் பொலபொலவென்று கறுத்த மண்ணாகியிருக்கிறது? கெட்டிக்காரன்தான்யா நீ.

"இம்னார்யா திருநாளுக்கு வெட்ட வேண்டிய முயலை மடியில வெச்சுக் கொஞ்சுறியே, நீ ஆம்பளையா?" என்று நேற்றுக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த மண்ணைத் தந்தவளை வெட்ட எனக்கும் கை வராது.

சட்டியில் ஒயினில் ஊறுவது கசாப்புக் கடை முயல். எழுந்ததும் அடுப்பில் ஏற்று. தேவாலயத்தில் திருநாள் பூசை முடிந்து உன் அம்மாவைக் கூட்டி வருகிறேன். நம் முயலை வெட்டச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், வந்ததும் கூண்டு காலியா என்றுதான் பார்ப்பார். அதனால் கூண்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். முழங்கால் வலியோடு அவர் படியேற மாட்டார்.

விட்டோரினா

கூண்டுக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை. செடியைத் தின்றுவிடப் போகிறாள், போய்ப் பார்.

இன்னொன்று. அம்மா ஒரு வாய் வைத்ததும், "கடை முயல்ல இந்த ருசி வருமாடா?" என்பார். சிரித்துத் தொலைக்காதே.