படக்கதை வராத நாளில் சிரித்தவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

பேப்பரில் இன்று போலீஸ்காரர் படக்கதை இல்லை. அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம். போனால் போகட்டும். மூன்று கட்டம் போட்டு, மூன்றாவதில் அவரைக் குப்புற விழ வைப்பதைத் தவிர அந்த ஓவியருக்கு வேறென்ன தெரியும்? ஆனாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். என் வீட்டுக்காரருக்கு எப்போதும் விளையாட்டுப் பக்கம். இன்றைக்கு அதிசயமாக, "போலீஸ்காரரு இன்னிக்கு சூப்பரு" என்று சிரித்தார். வராத படக்கதைக்கு எதற்குச் சிரிப்பு?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று போலீஸ்காரர் எங்கே விழுந்தார் என்று கேட்டேன். வழக்கம்போலக் கீழேதான் என்றார். ஆள் கில்லாடி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்டாச்சிபுரத்தில் மின்னொளிக் கபடி. ஃபைனலில் காணை ஊர் டீம். கிரிக்கெட்டுக்கு முக்கால் பக்கம் கொடுக்கிற பேப்பர், நம் கபடிக்கு இரண்டு வரிதான் போடும் — அந்த வயிற்றெரிச்சல் தனி. அந்த இரண்டு வரியையும் வெட்டி வைக்கிற மனுஷன் இவர். எங்கள் ஜைன வீடுகளில் விளக்கு வைப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். சாப்பிட்ட கையோடு ஆட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவார். இன்று போகவில்லை. யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே செட்டிங்காம்! நாற்காலியை விட்டு அசையாமல் யாருக்கோ வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். முன்பெல்லாம் டைப் அடிப்பார்.

கீழ்வீட்டு இளவரசியிடம் சொன்னேன். "ஆம்பளைக்கு திடீர்னு வீட்டு மேல ஆசை வந்தா உஷாரா இருக்கணும்க்கா" என்றாள். சொல்லியிருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிலக்கடலை வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகிற பைக்கின் கண்ணாடி உடைந்திருக்கிறது. மாடு குறுக்கே வந்ததாம். அந்த மாட்டுக்குப் பெயர் உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. சட்டைப் பையைத் துழாவினேன், ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, எவளோ ஒருத்திக்காக என்னை விட்டுவிடுவாரோ? பயமா இருக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம்.

விழுப்புரத்தில் கல்யாணம். சாப்பிட்டதுமே திண்டிவனத்து வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பறந்தார். எவள் காத்துக்கொண்டிருக்கிறாள், பார்த்துவிடுவோம் என்று, வேண்டுமென்றே சொந்தக்காரர்களோடு பேசிப் பேசி இருட்ட வைத்தேன். நான்தான்.

கூட்டேரிப்பட்டு அருகே ரோட்டின் நடுவில் தடுப்பு. எனக்குத் தெரிகிறது. அவர் நேராக அதன் மேலேயே போகிறார். கத்தினேன். மயிரிழையில் தப்பினோம். வண்டியை ஓரம் கட்டி, ஹேண்டில்பாரை விடாமல் நின்றார்.

"இருட்டினா ஒண்ணும் தெரியல சந்திரா. பேப்பர் எழுத்துகூட எறும்பு மாதிரி ஊர்ந்துக்கினு இருக்குது. சொன்னா நீ வண்டி எடுக்க வுடமாட்ட. வண்டி இல்லனா மல்லாட்டை வியாபாரம் ஏது?"

பாவி மனுஷா! பொழுதோடு சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், அது நம் வீட்டு வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். இருட்டில் தட்டைத் தேடித் தடவுவதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எவளாவது ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம்.

செப்டம்பர் 1, திங்கள்

புதுச்சேரி டாக்டர்: சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். போனது போனதுதான். வண்டி இனிமேல் கூடாது.

அக்டோபர் 5, ஞாயிறு

மல்லாட்டை விலை பேச மயிலம் பக்கம் போய் வந்தோம். நான்தான் ஸ்கூட்டி ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எதுர்ல எதுனா வருதா சந்திரா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ரோடு காலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொன்னேன்.