காலை ஆறு முதல் எட்டு வரை

1974 நவம்பர் 9, சனி

நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இன்று பதினோரு குழந்தைகள். தாய்மார் கொழுந்தெடுத்துத் திரும்புவதற்குள் இரண்டுக்குக் காய்ச்சல். மாலையில் எஸ்டேட் வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் மருதாசலம் கூப்பிட்டனுப்பினார். சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் நோட்டீசை எல்லோருக்கும் நான் வாசிக்க வேண்டுமாம்.

வாசித்தேன். புல் வேய்ந்த கொட்டகைகள் பக்கம் வெடி, வாணம் எதுவும் கூடாது. தீபாவளியன்று காலை ஆறு முதல் எட்டு வரை, திடலில் மட்டும். மீறினால் வேலையும் கொட்டகையும் போகும். எஸ்டேட்டில் உள்ள எல்லோருக்கும் என்றுதான் போட்டிருந்தது.

நியாயமான சட்டம்தான். மாசியில் மூன்று கொட்டகைகள் எரிந்ததை நானே பார்த்தேன். மீறுகிறவர்களைக் கவனிப்பது என் வீட்டுக்காரர் வடிவேலின் பொறுப்பு. வாச்சர் வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இன்னும் நிரந்தரமில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. தங்கை வேலாயியைப் பார்க்கப் போனேன். சிலோன் கப்பலிலிருந்து இறங்கித் தங்கியிருந்த மண்டபம் முகாமில் குழந்தையைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. அவள் புருஷன் அழகையா கூடலூரிலிருந்து ஒரு பட்டாசுச் சரம் வாங்கி வந்து துணிக்குள் சுற்றி வைத்திருந்தார்.

"இந்தியாவுல எங்களுக்கு மொதத் தீபாவளிக்கா. இவ மொகம் கொஞ்சம் தெளியாதா?"

"திடல்லதான் வெடிக்கணும்."

"சரிக்கா, சரிக்கா."

நவம்பர் 13, புதன். தீபாவளி

ஆறிலிருந்து எட்டு வரை விடாத மழை. திடல் குளமாகிவிட்டது. ஒருவரும் போகவில்லை. ஒன்பதரைக்குத்தான் வெயில் வந்தது. பத்து மணிக்கு அழகையா கொட்டகை வாசலில், ஈரத் தரையில், சரத்தைக் கொளுத்திவிட்டார். வேலாயி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சத்தம் போட்டுச் சிரித்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

மருதாசலம் இறங்கி வந்துவிட்டார். "ஏனப்பா வடிவேலு, ஆரு வெடிச்சதுன்னு சாயங்காலத்துக்குள்ள பேரு எழுதிக் கொண்டாரோணும். இல்லீன்னா உன்ற பேரை எழுதிக்குவேன்."

என் வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாது. "நீ எழுது" என்றார்.

"அவரு நம்ம ஆளுங்க."

"எனக்குத் தெரியாதா? நம்ம மூணு புள்ளைகளும் எங்க போகும்? சொல்லு."

எழுதினேன். அழகையா, எட்டாம் கொட்டகை, காலை பத்து மணி. ஏன் எழுதினேன்? மை தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே. கை வலிக்கிறது என்று—

எழுதி முடித்து நிமிர்ந்தபோது மருதாசலத்தின் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ராக்கெட் ஒன்று சீறி வந்து எங்கள் கூரையில் விழுந்தது. புல் நனைந்திருந்ததால் புகைந்து அணைந்தது. இவர் ஏறி அதை எடுத்துக் கீழே போட்டார். பிறகு நான் எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும்போது அழகையாவின் பெயரைக் கூப்பிடவில்லை. ஆபீசுக்கு ஓடினேன். "மழைங்க, திடல் பூரா தண்ணிங்க. ஈரத்துலதான் வெடிச்சாரு."

மருதாசலம் தாளை நீட்டினார். "ஏனம்மா, இது உன்ற எழுத்துத்தானே?"

"எங்க கூரையிலயும் ஒரு ராக்கெட்டு விழுந்துச்சுங்க."

"ஆரு விட்டதுன்னு பாத்தியா? பாத்திருந்தா அதையும் எழுதிக் குடு."

நான் எழுதிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 15

என் எழுத்து என்று வேலாயிக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

கொடைக்கானல் பக்கம் மரம் வெட்ட ஆள் கூட்டிப் போகிறார்கள். அழகையாவும் வேலாயியும் அந்த லாரியில் ஏறிவிட்டார்கள். சோறு கட்டிக்கொண்டு ஓடினேன். அழகையா வாங்கிக்கொண்டார். "அழுவாதீங்கக்கா. நீங்க என்னா செய்வீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலாயி என் பக்கம் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். லாரி போய்விட்டது.

நவம்பர் 26

கடிதம் இல்லை. நான்தான் எழுத வேண்டும். எந்த விலாசத்துக்கு? எந்தக் கையால்?

டிசம்பர் 2

இவரை நிரந்தரமாக்கிவிட்டார்கள். வந்து சொன்னார். பிறகு இருவரும் கஞ்சி குடித்தோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மண்டபத்திலிருந்து புதுக் குடும்பம் ஒன்று வந்தது. எட்டாம் கொட்டகையைக் கொடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி. அவளுடைய பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். அடுப்பில் சாம்பல் அள்ளாமல் கிடந்தது. அள்ளிக் கொட்டினேன்.

"இதுல முந்தி ஆரு இருந்தாங்கக்கா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.