சக்கரத்தை நிறுத்திய கை

1991 மாசி 6, நெடுந்தீவு

மேரி அக்காவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு நாளாகிறது. ஆறுதல் சொல்லத்தான் வந்தேன். இந்தக் கரையில் மின்சாரமும் இல்லை, ரேடியோவுக்குப் போடப் பற்றறியும் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோவில் ரேடியோ பேசும். மாலைச் செய்திக்கு நான் சுற்றினேன். கரையொதுங்கிய உடல்களின் பெயர்களை வாசித்தார்கள். "நெடுந்தீவைச் சேர்ந்த" என்றதும் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். பெயரை நானும் கேட்கவில்லை.

"ஏன் தம்பி நிப்பாட்டினனீர்?"

"கை உளையுது அக்கா. இனி ஏலாது."

குசினியிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்து என் கையில் தேய்த்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலமைச் செய்தியிலையும் இதைத்தானே வாசிப்பினம். அப்ப நானே சுத்துறன். நீர் ஆறுதலா நித்திரை கொள்ளும்."