சின்ன நஞ்சு முகமூடி இழந்த கதை

1.11.88, செவ்வாய். ஓகூஸ், டென்மார்க்

எங்கள் குடும்பங்களை இங்கே கூப்பிடும் விண்ணப்பங்களை வேண்டுமென்றே முடக்கி வைத்திருக்கிறார்கள். மழை, காற்று. பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவருக்கான யன்னலில் இருக்கும் பெண்ணிடம் இன்றும் அதே புன்னகை, அதே பதில்: "பரிசீலனையில் இருக்கிறது." பதினாறாவது மாதம். மனைவி சாந்தியும் மகளும் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில், ஆமி முகாமுக்குப் பக்கத்தில். மகளை நான் இன்னும் கண்டதில்லை.

வாங்க: வெங்காயம், பல்பு, முத்திரை.

3.11, வியாழன்

நான் துப்புரவு செய்யும் விளையாட்டு மண்டபத்தில் சனிக்கிழமை மெக்சிகோ மல்யுத்தம். கூட வேலை செய்யும் செர்ஜியோ, சிலி நாட்டு அகதி, ஒரே துள்ளல். சுவரொட்டியில் ஒருவன், என் இடுப்பளவு உயரம். பெயர் 'சின்ன நஞ்சு'. வில்லனாம்.

அறையில் கூட இருக்கும் யோகன் அண்ணை: "உந்தக் குள்ளனைப் பாக்கவோ போறாய்? சனம் சிரிக்கத்தான் உவையைக் கூட்டி வாறவை."

"எங்களைப் பாத்தும் சிரிக்கினம்தானே அண்ணை."

"அது வேற. எங்களுக்குப் பல்லுத் தெரியாமல் சிரிப்பினம்."

5.11, சனி

இப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்தேன்.

சின்ன நஞ்சு நடந்து வந்தான். மண்டபமே சிரித்தது. நின்று, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான். பிறகு முன்வரிசைக்காரன் ஒருவனின் பியரைப் பறித்துக் குடித்து, அவன் சப்பாத்திலேயே துப்பினான். சிரிப்பு நின்றது.

எதிராளி அவனளவுதான், வெள்ளை முகமூடி, நல்லவன். நடுவர் திரும்பும்போதெல்லாம் சின்ன நஞ்சு நல்லவனின் விரல்களை மிதித்தான். நடுவர் பார்த்தால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளை மாதிரி. ஒரு கிழவி குடையை வீசினாள். இரண்டு வருடத்தில் ஒரு டேனிஷ்காரர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்று மண்டபம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. கடைசியில் சின்ன நஞ்சு தோற்றான். ஆனாலும் அந்தக் கூச்சலுக்குள்ளால் தலை நிமிர்ந்து, ஆறுதலாக நடந்து போனான். இப்படி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

6.11, ஞாயிறு

நானும் செர்ஜியோவும் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தோம். சின்ன நஞ்சு வாங்கில் உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருந்தான். செர்ஜியோ மொழிபெயர்த்தான்.

பத்தொன்பது வருடத் தொழில். முதல் எட்டு வருடம் முகமூடியோடு. அங்கே முகமூடியைப் பந்தயம் வைத்துச் சண்டை பிடிப்பார்களாம். தோற்றவன் எல்லோர் முன்னாலும் அதைக் கழற்றி, சொந்தப் பெயர், ஊர், எத்தனை வருடம் தொழில் என்று சொல்ல வேண்டும். இவன் தோற்றான். சொன்னான், அழுதானாம். உன் கதை முடிந்தது என்றான் முதலாளி. அடுத்த கிழமை வெறும் முகத்தோடு போய் நின்றானாம்.

"பெயர் சொல்லித் திட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நல்ல காலம்."

நான் யார் என்று கேட்டான். சொன்னேன். சாந்தி, மகள், பதினாறு மாதம், எல்லாம். ஐஸ் பையைக் கீழே வைத்தான்.

"முடக்கி வைத்தவன் பெயர் என்ன?"

தெரியாது என்றேன்.

"முகமூடிக்காரன்," என்றான்.

7.11, திங்கள்

உறைபனி. சைக்கிள் இரண்டு தரம் வழுக்கியது. யன்னலில் அதே பெண், அதே புன்னகை. "பரிசீலனையில்..."

இடையில் மறித்தேன். என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர், சுன்னாகம், பதினாறு மாதம். எல்லாம் டேனிஷில், சத்தமாக. வரிசை திரும்பிப் பார்த்தது.

"எங்கள் விண்ணப்பங்களை நிறுத்தச் சொன்னவர் யார்? பெயரைச் சொல்லுங்கள்."

புன்னகை போய்விட்டது. அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. திரும்பவும் கேட்டேன்.

"பெயர்?"