சங்கின் பதிலைக் கேட்க மண்டபத்தைத் திறந்து தரக் கோரல்

அனுப்புநர்:
திருமதி சிவராசா வடிவம்மா,
வாய்க்கால் வீதி, மருதங்கண்டல்,
கிளிநொச்சி மாவட்டம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த மேசை விளையாட்டைச் சூனியம் எனக் கருதித் தடுத்தமை

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடி வந்தோம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்டி, காடு மலை கடந்து போவோம். கதையை நடத்துபவர் முன்பள்ளி ஆசிரியை செல்வி யதுர்ஷிகா. உழவு இயந்திரம் ஓட்டும் பிரதாபன் அதில் போர்வீரன். நான் மனோசக்தி உள்ள ஒரு கிழவி. கிழவியாக நடிக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

2. இது மனம்போன போக்கில் ஆடுவதல்ல. மந்திரப் பொருள் ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. உருவை மறைக்கும் மோதிரத்தை அணிந்தவர் வாய் திறந்தால் வெளிப்பட்டுவிடுவார். பிறர் மனதுக்குள் அவர் சம்மதமின்றி நுழையக் கூடாது. என்னிடம் இருப்பது ஒரு சங்கு. அதை ஏந்தி, தூரத்தில் இருக்கும் ஒருவரை மனத்தால் கூப்பிடலாம். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு தரம்தான். இருபது விழுந்தால் மட்டுமே அழைப்புப் போய்ச் சேரும். அவர் உயிரோடிருந்தால் பதில் வரும். இல்லாவிட்டால் வராது.

3. யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போன என் மகன் கிருபனையே நான் கூப்பிட்டு வந்தேன். நெடுநாளாக இருபது விழவில்லை. கூட ஆடும் பிள்ளைகள் இரங்கி, பதினைந்து விழுந்தாலும் போதும் என்றார்கள். நான் மறுத்தேன். இரக்கப்பட்டுச் சொன்ன பதில்கள் என்னிடம் ஏற்கெனவே நிறைய உண்டு.

4. சென்ற மாதம் இருபது விழுந்தது. “அம்மா, விழுந்திட்டுது!” என்று பிரதாபன் கத்தினான். பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தபடி நான் மண்டப வாசலில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தேன். பதில் வந்ததா இல்லையா என்று கதை நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். யதுர்ஷிகாவோ, “அடுத்த சனிக்கிழமை சொல்லுறன் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ” என்று கண் கலங்கினாள்.

5. கற்பூரத்தையும் சங்கையும் எங்கள் பாத்திரங்களுக்காக மேசையில் வைத்திருந்த களிமண் உருவங்களையும் வீதியால் போனவர்கள் கண்டு, நாங்கள் செத்தவர்களைக் கூப்பிட்டுச் சூனியம் செய்வதாக முறையிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் மண்டபம் பூட்டப்பட்டது. சங்கும் தாயக்கட்டையும் உள்ளே கிடக்கின்றன. யதுர்ஷிகாவின் முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பச் சிலர் மறுக்கிறார்கள். அவள் வெளியே வருவதே இல்லை. நான் வீட்டுக்குப் போனபோது அவளுடைய தாய் படலையைத் திறக்கவில்லை. கற்பூரம் கொளுத்தியது நான், பழி அந்தப் பிள்ளைக்கு.

6. என்னை அவர்கள் ஏமாற்றுவதாகவும் முறைப்பாட்டில் உள்ளதாம். ஐயா, நான் ஏமாறவில்லை. அந்தச் சங்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் பொறுக்கியது. யதுர்ஷிகா என்ன சொன்னாலும் அது அவள் யோசித்துச் சொல்வதே என்பதும் எனக்குத் தெரியும்.

7. ஆகையால் மண்டபத்தைத் திறப்பித்து, அங்கு நடந்தது விளையாட்டே என்று ஊரவர் முன்னிலையில் தாங்கள் கூற வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்கிறேன். தாங்கள் சொன்னால் அவள் பயமின்றி வந்து மேசையில் இருப்பாள்.

என் மகனுக்காகப் பல இடங்களுக்கு மனு எழுதியவள் நான். எல்லோரும் பார்ப்போம் என்றே சொன்னார்கள். இருக்கிறான் அல்லது இல்லை என்று சொல்லப் பொறுப்பேற்றவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான். இல்லை என்று அவள் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அவனுக்காக நான் இன்னும் ஒரு நாள்கூட வாய்விட்டு அழவில்லை, ஐயா.

தங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும்,
சி. வடிவம்மா
(கையொப்பம்)

இடம்: மருதங்கண்டல்
திகதி: 12.06.2025